கண்ணாடிக்குள் பூவாடைப் பெட்டி

1

என் தம்பி சங்கர் வாட்ஸ்அப்பில் ஏழு படம் அனுப்பியிருந்தான். பாரிசுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு வேலை. பிள்ளைகள் எழுந்து போன பிறகு தட்டுகளைக் கழுவும் இயந்திரத்தில் அடுக்கிக்கொண்டே ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். நான்காவது படத்தில் கை நின்றுவிட்டது. தட்டு கீழே விழுந்ததுகூடக் காதில் விழவில்லை.

கூட வேலை செய்கிற போர்த்துகல்காரம்மா ஓடிவந்து என்ன என்று கேட்டாள். "என் அம்மா" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். "ஐயோ, தவறிட்டாங்களா?" என்றாள். ஆமாம், ஆனால் அது நாற்பது வருடத்துக்கு முந்தி என்று சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மேலாளரிடம் சொல்லி அரைநாள் விடுப்பும் வாங்கித் தந்துவிட்டாள். துக்கம் விசாரிக்க நாலு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். நான் பொய் சொன்னதாகத்தான் ஆயிற்று. சாமி மன்னிக்கட்டும்.

படத்தில் இருந்தது இதுதான். மரக்காணத்து உப்பளத்தை ஒட்டி, கரைமேல் பச்சை ஜன்னல் வைத்த மாடி வீடு ஒன்று உண்டு. சென்னையில் இருந்த ஒரு எழுத்தாளர் அம்மா கோடையில் மட்டும் வந்து தங்கி எழுதின வீடு. அளத்துச் சனங்கள் அவரை எழுத்தம்மா என்றுதான் சொல்வோம். அவர் காலமான பிறகு வீட்டை அப்படியே வைத்து நினைவு இல்லம் ஆக்கியிருக்கிறார்கள். மேசை, மூக்குக்கண்ணாடி, கயிற்றுக் கட்டில் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். நான்காவது படத்தில் ஒரு கண்ணாடிப் பேழை. உள்ளே மூடி திறந்த மூங்கில் பெட்டி. பெட்டிக்குள் மடித்த வெள்ளைப் புடவை. கீழே அட்டையில், "47. எழுத்தாளர் பயன்படுத்திய புடவைப் பெட்டி."

அது எழுத்தாளருடைய பெட்டி இல்லை. அது என் அம்மா.

2

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. தெற்கத்திக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பூவும் பொட்டுமாக, புருஷன் இருக்கும்போதே போய்ச் சேர்ந்த பெண் அந்த வீட்டுக்குத் தெய்வம். பூவாடைக்காரி என்போம். அவளுக்கு மூடி போட்ட மூங்கில் பெட்டி ஒன்று. அதில் மஞ்சள் நனைத்த புதுப்புடவை, அவள் வைத்திருந்த சீப்பு, கண்ணாடி, கருகமணி. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் அவளைப் பம்பை அடித்து அழைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பழைய புடவையை எடுத்துக் கல்யாணப் பெண் கட்டிக்கொள்வாள். புதுசு பெட்டிக்குள் போகும். கல்யாணம் இல்லாத வருடம் ஒரு நாள் படையல் போட்டுத் துணி மாற்றுவோம். மற்ற நாளில் பெட்டியைத் திறக்கக்கூடாது. வெளியார் கை படக்கூடாது. செருப்புக் காலோடு கிட்டே போகக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் இவ்வளவுதான். லதா எனக்கு மனைவியாக வந்தபோது அந்தப் பெட்டிப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் நலங்குக்கு உட்கார்ந்தாள்.

அம்மா பெயர் அஞ்சலை. உப்பு வாரினவள். மூன்று நாள் காய்ச்சலில் போனபோது எனக்கு ஏழு வயது. அவள் முகம் எனக்கு நினைவில்லை. பாத்தி வரப்பில் தலைக்கூடையோடு நடந்து வருவாள். பின்னால் உப்பின் வெள்ளை கண்ணைக் கூசும். முகம் கறுப்பாகத் தெரியும். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

பெட்டி எப்படி அந்த வீட்டுக்குப் போனது என்றால், அது என் தப்பு. பதிமூன்று வருடம் முன்னால் வந்த புயலில் எங்கள் கூரை பறந்தது. அப்பாவும் நானும் பெட்டியைத் தலையில் வைத்துத் தண்ணீரில் நடந்து, அந்தப் பக்கத்திலேயே தளம் போட்ட வீடு அது ஒன்றுதான் என்று எழுத்தம்மா வீட்டுப் பரணில் வைத்தோம். கூரை போட்டதும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னோம். அந்த மாதமே அப்பா இறந்தார். தீட்டு. தலைத்திவசம் முடியாமல் பூவாடைக்காரியை அழைக்கக்கூடாது, அழைக்காமல் பெட்டியை எடுக்கக்கூடாது. அதற்குள் லதா வீட்டுக் காகிதம் வந்துவிட்டது. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரிப் பக்கம் அப்படிப்பட்ட வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். வருடக்கணக்காக இழுத்த குடியுரிமை கிடைத்ததும் குறித்த தேதிக்குள் போகச் சொன்னார்கள்.

எழுத்தம்மாவிடம் போய் நின்றேன்.

"ஒரே வருஷம்மா. திவசம் முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிறேன்."

"உங்கம்மா எங்கிட்ட இருக்கட்டும் ஏழுமலை. நான் ஒண்ணும் கடிச்சுடமாட்டேன்" என்றார். சாமி கும்பிடாத அம்மா அவர். எனக்கு அதுவே பயம்தான். ஆனாலும் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

எட்டு வருடம் கழித்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அவர் சென்னையில் ஆஸ்பத்திரியில். அடுத்த முறை வந்தபோது அவரே இல்லை. கதவில் சீல் வைத்திருந்தார்கள்.

3

படம் வந்த அதே வாரம் இன்னும் இரண்டு காரியம் நடந்தது. என் மகள் பவித்ராவுக்கும் தோமாவுக்கும் கல்யாணத் தேதி கிடைத்தது. இங்கே மேரி என்கிற நகராட்சி மண்டபத்தில்தான் கல்யாணம் பதிவாக வேண்டும். தோமா வெள்ளைக்காரப் பையன், நல்ல பையன், லதா வைக்கிற ரசத்தைக் கண்ணில் தண்ணீர் வர வர இரண்டு முறை வாங்கிக் குடிப்பான். அடுத்த நாள் பவி வேலைக்குப் போகும் ரயிலில் மயங்கி விழுந்தாள்.

எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. தேதி குறித்தாயிற்று, பெட்டி திறந்து கிடக்கிறது, அதிலும் வெள்ளைப் புடவை. சுமங்கலியாகப் போனவள் பெட்டியில் வெள்ளை. யார் வைத்தார்கள்? எங்கள் மஞ்சள் புடவை எங்கே? இத்தனை வருடம் அவளுக்குத் துணி மாற்றாதவன் நான். பிள்ளையைத் தொட்டுக் காட்டுகிறாள்.

மகளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பவி, கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா?"

"ஏம்பா? தோமாவப் புடிக்கலையா?"

"அதெல்லாம் இல்ல. உங்க ஆயாவுக்குத் துணி மாத்தாம இருக்குது. அதான் ஒனக்கு மயக்கம்."

"இரும்புச் சத்து கம்மின்னுதான்பா டாக்டர் சொன்னாங்க. ஆயா கம்மின்னு சொல்லல."

"சிரிக்காதடி" என்று லதா அடுப்படியிலிருந்து கத்தினாள். அவளுக்கும் உள்ளூர உதறல்தான். பவி பத்து வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். அன்றைக்குப் பாதியிலேயே போய்விட்டாள். நான் பின்னால் ஓடிப் பிடிக்க முடியாத வேகம் அது.

கல்யாணக் காகிதங்கள் வேறு. என் பிறப்புச் சான்றில் அம்மா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பவியின் கோப்பில் வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தானா என்று கவுண்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். தாயின் இறப்புச் சான்று இருந்தால் கொண்டுவாருங்கள் என்றாள். உப்பளத்தில் செத்தவளுக்கு அன்றைக்கு யார் சான்று எழுதினார்கள்? ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அஞ்சலை என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு உலகத்தில் அந்தப் பெட்டி ஒன்றுதான் சாட்சி. அதிலும் வேறு பெயர் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

சங்கருக்குப் போன் போட்டு, நீ போய் வாங்கி உன் வீட்டில் வை என்றேன்.

"ஏன் அண்ணா, நான் இருக்கிறது திண்டிவனத்துல வாடகை ஃபிளாட்டு. முட்ட ஒடைச்சாலே ஹவுஸ் ஓனர் மூக்கப் புடிச்சிக்கிட்டு வர்றான். பம்பை அடிச்சா வுடுவானா? நீயே வந்து பாரு" என்றான்.

இரண்டு வாரம் விடுப்பு கேட்டேன். அம்மா போன துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து உடனே கொடுத்துவிட்டார்கள்.

4

சித்திரை வெயில். பேருந்தை விட்டு இறங்கினதும் பாத்திகளின் வெள்ளை முகத்தில் அடித்தது. எல்லோரும் கோடைக்கு மலைக்குப் போவார்கள். எழுத்தம்மா மட்டும் இங்கே வருவார். ஏன் என்று கேட்டால், "இந்த வெய்யிலுக்குப் பயந்து ஒருத்தரும் என்னைப் பாக்க வரமாட்டாங்க. அதான் வர்றேன்" என்பார்.

வாசலில் காவலாளி நோட்டை நீட்டினார். ஊர் என்ற இடத்தில் மரக்காணம் என்று எழுதினேன். அடையாள அட்டை கேட்டார். என்னிடம் இருந்தது பிரெஞ்சு பாஸ்போர்ட். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு வேற நோட்டு சார்."

"நான் இந்த ஊருதாங்க. அதோ, அந்த மூணாவது பாத்தியில நானே உப்பு வாரியிருக்கேன்."

"இருக்கட்டும் சார். நோட்டு வேற."

வேற நோட்டில் எழுதிவிட்டு, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன். மூன்றாவது அறை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் ஷூ காலோடு பேழையைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெண்பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். டீச்சர், "பாத்தீங்களா, எவ்ளோ எளிமையா வாழ்ந்திருக்காங்க" என்றார். பெட்டி மூடியில் அப்பா நைலான் கயிற்றால் தைத்த ஒட்டு அப்படியே இருந்தது. அவளை இப்படித் திறந்து வைத்து, மேலே லைட்டும் போட்டு, ஊரே பார்க்கும்படி.

கும்பிடக் கையெடுத்தேன். அங்கே பொறுப்பில் இருந்த பெண் கிட்டே வந்தாள். பெயர் ரேவதி, முப்பது வயது இருக்கும், விழுப்புரத்துப் பெண்.

"சார், செருப்பு போட்டுக்கலாம். தரை சில்லுன்னு இருக்கும்."

"அவ இருக்கிற எடத்துல போடக்கூடாதுங்க."

"அம்மாவோட வாசகரா சார்?"

"இல்லீங்க. இது எங்க வூட்டுப் பெட்டி. இதுல இருக்கிறது எங்கம்மா."

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பைத்தியம் என்று நினைத்திருந்தாலும் முகத்தில் காட்டவில்லை. உட்கார வைத்து எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆதாரம் ஏதாவது இருக்குதா சார்? போட்டோ, லெட்டர்?" என்றாள். பிரான்சில் கவுண்ட்டர் பெண் கேட்ட அதே குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சரி, பெட்டியில என்னென்ன இருக்குதுன்னு சொல்லுங்க. ரெஜிஸ்டர்ல பாக்கிறேன்."

"செவப்பு சீப்பு ஒண்ணு, ரெண்டு பல்லு போனது. கைக்கண்ணாடி. கருகமணி. விரலி மஞ்சள் மூணு."

அவள் விரல் ரெஜிஸ்டரில் வரி வரியாக இறங்கியது. நான்கும் இருந்தன. அவள் முகம் மாறியது.

"புடவை என்ன கலர் சார்?"

"மஞ்சள். செவப்புக் கரை."

"அங்கதான் சார் இடிக்குது" என்று சொல்லிச் சுவரைக் காட்டினாள். எழுத்தம்மா இதே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரிய படம். கட்டியிருந்தது அந்த வெள்ளைப் புடவைதான். மெல்லிசான சாம்பல் கரை. அவர் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். வெள்ளை தவிர வேறு கட்டி நாங்கள் பார்த்ததில்லை.

கைம்பெண் கட்டிய புடவை பூவாடைக்காரி பெட்டியில். அதைத்தான் என் பெண் கல்யாணத்துக்கு எடுத்துக் கட்ட வேண்டும். முருகா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

5

"யாரு, ஏழுமலையா? வெள்ளைக்கார ஊரு தண்ணி கறுப்ப மாத்தலையே ஒனக்கு!"

கையில் துடைப்பத்தோடு தனம் அக்கா நின்றாள். எழுத்தம்மாவுக்குச் சமைத்துப் போட்டவள். இப்போது இந்த இல்லத்தைக் கூட்டிப் பெருக்குகிறாள். வீடு பூட்டிக் கிடந்தபோது மகள் ஊருக்குப் போயிருந்தாளாம், அதனால்தான் நான் வந்த இரண்டு முறையும் கண்ணில் படவில்லை.

"அக்கா, பெட்டியில வெள்ளை யார் வெச்சது?"

"வேற யாரு? எழுத்தம்மாதான்."

ரேவதி எழுந்து நின்றுவிட்டாள். "ஏன் தனம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீ எங்க கேட்டம்மா? நீ வந்தப்பவே நம்பர் ஒட்டிட்டீங்க. பெருக்குறவகிட்ட யாரு கேக்குறா?"

பிறகு தரையில் உட்கார்ந்து சொன்னாள். நான் போன மூன்றாவது கோடையில் புத்தகக் கட்டு எடுக்கப் பரணைத் திறந்திருக்கிறார்கள். உப்புக் காற்றும் பூச்சியுமாக என் அம்மாவின் மஞ்சள் புடவை அரித்துப் போயிருந்தது.

"தூக்குனா பொடிப்பொடியா உதுருது. அம்மா அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. உள்ள போயி தன் புடவையில ஒண்ண எடுத்தாந்து மடிச்சு வெச்சாங்க. நான் ஓடிப்போயி கையப் புடிச்சேன். அம்மா, இது பூவாடைக்காரி பெட்டி, வெள்ளை வெக்கக்கூடாது, குடும்பத்துக்கு ஆகாதுன்னு. என்னா சொன்னாங்க தெரியுமா?"

"என்ன?"

"'ஏண்டி தனம், காலம்பூரா உப்பு வாருனவளுக்கு வெள்ளை என்ன புதுசா?'ன்னாங்க."

ரேவதி ஏதோ எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"அதோட வுட்டாங்களா? வருசா வருசம் வந்ததும் மொத வேலை அதான். பழச எடுத்துட்டு இன்னொன்னு வெப்பாங்க. 'ஏழுமலை வர்ற வரைக்கும் நம்ம பொறுப்பு'ம்பாங்க. கும்புடல கிம்புடல. துணி மட்டும் மாத்துவாங்க. கடைசியா வந்த வருசம் வெச்சது இது."

"எடுத்த புடவையெல்லாம்?"

"எங்கிட்டதான் குடுப்பாங்க. நான்தான் கட்டிக் கிழிச்சேன்."

"அக்கா! பெட்டியில எடுத்த வெள்ளையவா? ஒன் வீட்டுக்காரருக்கு…"

"அவனுக்கு என்னா? குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கான். நானும் நாலு புடவை கட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆவல."

ரேவதி சிரித்துவிட்டாள். "சீப்ப வெச்சாவது நான் கண்டுபுடிச்சிருக்கணும்" என்றாள்.

"ஆமா. அம்மா தலை கிராப்புத் தலை. சீப்பு எதுக்கும்மா அவங்களுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான். சாமி இல்லை என்று சொன்னவர் வருடம் தவறாமல் செய்ததை, தினம் விளக்கேற்றுகிற நான் ஒரு வருடம்கூடச் செய்யவில்லை. அம்மா யாரைக் கேள்வி கேட்பாள்?

6

பெட்டி உங்களுடையது, புடவை எழுத்தம்மாவுடையது, எதையும் வெளியே கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றாள் ரேவதி. அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள், அவளுக்கும் பயம். கொடுத்தாலும் நான் எங்கே வைப்பேன்? சங்கர் வீட்டில் இடமில்லை. கடல் தாண்டிப் பெட்டியைக் கொண்டுபோகக்கூடாது என்று பூசாரி முன்பே சொல்லிவிட்டார்.

மறுநாள் அவளே வழி சொன்னாள்.

"சார், எங்க விதியிலயும் ஒண்ணு இருக்குது. துணியை ரொம்ப நாள் வெளிச்சத்துல வெக்கக்கூடாது. நூல் இத்துப்போயிடும். எடுத்துட்டு வேற வெக்கணும். நான் இன்னும் மாத்தலை. நீங்க புதுப்புடவை கொண்டாங்க. அதுக்கு ஃபார்ம் இருக்குது."

பூவாடைக்காரிக்குத் துணி மாற்ற ஒரு ஃபார்ம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எடுத்த புடவையைப் பெண் கட்ட வேண்டுமே என்றேன். ரேவதி சென்னையில் இருக்கும் எழுத்தம்மாவின் தம்பி மகனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"அத்தை புடவை இன்னும் எத்தனை இருக்கு?"

"முப்பத்தொண்ணு சார்."

"அப்போ ஒண்ணு போயிட்டு வரட்டும். இரவல்னு எழுதி வாங்கிக்கோங்க. கட்டப்போற பொண்ணு கையெழுத்து வேணும், அப்பா கையெழுத்து ஆகாது."

வியாழக்கிழமை காலை, சனங்கள் வருவதற்கு முன்னால், குளித்து ஈர வேட்டியோடு போனேன். உள்ளே நெருப்பு கூடாது, தண்ணீர் கூடாது, பம்பை கூடாது. கற்பூரத்தை வெளிப்படியில் ஏற்றினேன். வாசலிலிருந்தே, "அம்மா, அஞ்சலையம்மா, ஒம் பேத்திக்குக் கல்யாணம், வாம்மா" என்று மூன்று முறை கூப்பிட்டேன். ரேவதி யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுப் பேழைப் பூட்டைத் திறந்தாள்.

எங்கள் வீட்டில் அழைத்தால் யாருக்காவது அருள் வரும். அதில்தான் அவள் வந்துவிட்டாள் என்று தெரியும். நான் காத்திருந்தேன். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. பல்லிகூடச் சத்தமிடவில்லை. ஏ.சி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கற்பூரம் வெளியே அணைந்துவிட்டது. ஈர வேட்டி காலில் ஒட்ட, பெட்டியைத் தொடத் துணிச்சல் வராமல் நின்றேன். வரமாட்டாள், கோபம், வெள்ளைக்கும் கோபம், பதிமூன்று வருடத்துக்கும் கோபம் என்றே தோன்றியது.

"எடு ஏழுமலை. வந்துட்டா" என்றாள் தனம் அக்கா.

"எப்படிக்கா தெரியும்?"

"எனக்குக் கால் வலிக்குது. எவ்ளோ நேரம் நிக்கிறது? பெத்தவள இவ்ளோ நேரம் வாசல்ல நிக்க வெப்பியா? எடுடா."

எடுத்தேன். புடவை லேசாக இருந்தது. மஞ்சள் நனைத்த புதுசை வைத்தேன். சீப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதில் ஒரு முடி சிக்கியிருந்தது, நீளமாக, கறுப்பாக. நாற்பது வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. அதைத்தான் நான் பார்த்தேன். வேறு எதுவும் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

7

பவியை வீடியோவில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை என்பதை மறைக்கவில்லை. யாருடைய புடவை என்பதையும் மறைக்கவில்லை. பயந்துகொண்டே, "ஒனக்கு வேணாம்னா வேணாம்மா. ஒரு மூலையில வெச்சுக் கும்புட்டுக்கலாம்" என்றேன்.

அவள் சீப்பைக் காட்டச் சொன்னாள். பிறகு புடவையைக் காட்டச் சொன்னாள். பிரெஞ்சுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"ஆயா நெஜமாவே இந்த சீப்புலதான் தலை வாருனாங்களாப்பா?"

"ஆமா."

"அந்த ஃபார்ம அனுப்பு. நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா ஓரத்துல மஞ்சள் தடவிக் குடு. அம்மா அழுவாங்க, பயப்படுவாங்க."

ஃபார்மில், திருப்பித் தரும் நாள் என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, வாங்கியவரே நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. ஊருக்கு வா வா என்று ஆறு வருடம் கெஞ்சியும் வராத பெண், அடுத்த சித்திரையில் ஒரு தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்தில் பையை ஸ்கேனிங் தட்டில் போடச் சொன்னார்கள். முந்தின ஆள் ஷூ வைத்த தட்டு. வேறு தட்டு கொடுங்கள் என்று அந்த அதிகாரியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் புதுத் தட்டு எடுத்து வைத்தார். அவர் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

கல்யாணம் முடிந்து இருபது நாள் ஆகிறது. அம்மா பெயருக்குச் சான்று இல்லாததால் நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழியையே மண்டபத்தில் ஏற்றுக்கொண்டார்கள். பவி அந்தப் புடவையைத்தான் கட்டினாள், முந்தானை ஓரம் மஞ்சளோடு. தோமா வீட்டார் வெள்ளையைப் பார்த்து, கல்யாணப் பெண் என்றால் இப்படித்தான் என்று மகிழ்ந்துபோனார்கள். அவர்களுக்கு என் பயம் தெரியாது. மண்டபத்துப் படி பன்னிரண்டு. அவள் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடறவில்லை. இன்றைக்கும் அவள் போன் கொஞ்சம் தாமதமானால் நானே கூப்பிட்டுவிடுகிறேன். தினம் விளக்கேற்றி இரண்டு பெயரைச் சொல்கிறேன், அம்மா பெயரும் எழுத்தம்மா பெயரும். ஒருவர் கோபித்துக்கொண்டால் இன்னொருவர் சமாதானம் சொல்வார்.

நேற்று ரேவதி ஒரு படம் அனுப்பினாள். பேழையில் பெட்டியை மூடி வைத்திருக்கிறாள். அட்டையையும் மாற்றிவிட்டாள். "47. அஞ்சலை, உப்பளத் தொழிலாளி. இந்த வீட்டில் பாதுகாக்கப்பட்ட அவரது பூவாடைப் பெட்டி." என் அம்மா பெயரைப் பிழையில்லாமல் எழுதி நான் பார்க்கும் முதல் காகிதம் அது. அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன்.

மரக்காணம் பக்கம் போகிறவர்கள் அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள். எழுத்தம்மாவின் மேசையைப் பாருங்கள், ஜன்னலில் நின்று பாத்திகளைப் பாருங்கள். மூன்றாவது அறைக்கு வந்தால் செருப்பை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். தரை சில்லென்றுதான் இருக்கும், ஒன்றும் செய்யாது. நான் கிட்டத்தில் இல்லை. எனக்காகச் செய்யுங்கள்.